கொஞ்சம் முழிச்சிரு

சோப்புத்தூள் மூட்டையின் மேல் அச்சடித்திருப்பதை உரக்கப் படித்து முடித்த பிறகுதான் கண்ணாடி அக்கா அதைப் பிரிப்பார். "ஈரம் படாத இடத்தில் வைக்கவும்" என்று எழுத்துக்கூட்டி முடித்ததும், ஆவி மண்டிய அந்தச் சலவைக்கூடத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். "இங்க எங்கய்யா இருக்கு அப்படி ஒரு இடம்?" என்று மூட்டையையே கேட்பார். 'தள்ளு', 'இழு' என்று எழுதிய கதவுகளை இப்போதெல்லாம் முதல் தடவையிலேயே சரியாகத் திறக்கிறார். அதில் அவருக்குத் தனிப் பெருமை.

பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடிக்கும் வேலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அவர் ஈர விரிப்பை உதறினால் சாட்டை சொடுக்கியது போலச் சத்தம் கேட்கும். பேர்தான் கண்ணாடி அக்கா. மூக்கில் கண்ணாடி கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை.

அந்தக் கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். படிக்கத் தெரியாததை மறைக்க, யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேன், நீங்களே படிச்சிருங்க" என்பார். பிரார்த்தனைக் கூடத்திலும் அதே பல்லவிதான். புதிதாக வந்த மருமகள் அதை அப்படியே நம்பிவிட்டாள். கண்ணாடி தொலைந்துபோயிருக்கும் என்று நினைத்து, மாமியாரைக் கண் மருத்துவர் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

"கடைசி வரி தெரியுதாம்மா?"

"நல்லாத் தெரியுது டாக்டர்."

"படிங்க பாப்போம்."

அக்கா பலகையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "எழுத்தெல்லாம் பளிச்சுனு தெரியுது. அது என்னன்னுதான் தெரியல."

 வெளியே வந்து சாலையைக் கடக்கும்போது மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, பிரார்த்தனைக் கூடத்துக்குப் பின்னால சாயங்கால வகுப்பு நடக்குதாம். உங்க பேரக் குடுத்துட்டு வரட்டுமா?" என்றாள்.

"நீ எதுக்கு? என் பேர நானே குடுத்துக்கிறேன்."

சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க இடிக்கப் படித்தார். "ரெண்டு சுழி பத்தாதா, மூணு சுழி வேற எதுக்கு?" என்று வாத்தியாரம்மாவிடம் சண்டை பிடித்தார். வகுப்புக்கு மட்டும் ஒருநாளும் மட்டம் போடவில்லை.

சிறுவயதிலிருந்து வாயால் சொல்லிவந்த பிரார்த்தனையை முதன்முறை அச்சில் படித்தபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதில் வரும் 'அருள்மாரி' யாரோ ஒரு பெண்மணி என்றே அதுவரை நினைத்திருந்தார். "மழையாமே! அந்தம்மாவுக்கு எத்தனை கும்பிடு போட்டிருப்பேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் பிரார்த்தனையை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பார்த்தார். அர்த்தம் தெரிந்தே சாமியிடம் பேசலாம் என்றால், தன் விஷயத்தைத் தன் சொல்லிலேயே சொல்லலாமே என்று தோன்றிவிட்டது. அப்படி எழுதியதுதான் இது:

நேற்று ஒருவர் வேர்த்த விரிப்பை
இன்று வெளுத்து மடிக்கிறேன்.
நாளைக்கு இதில் படுப்பது யாரோ,
அவர் பக்கத்தில் நீ கொஞ்சம் முழிச்சிரு.

அதைப் பிரார்த்தனைக் கூடத்தின் மாத இதழில் போடச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தார். இதழைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. நல்ல மனிதர். படித்துவிட்டு, "பிரமாதம்மா" என்றார். பிறகு சிவப்புப் பேனாவால் கடைசிச் சொல்லை அடித்து, மேலே 'காத்தருள்வீராக' என்று எழுதினார்.

"அது என் சொல்லு இல்லீங்களே," என்றார் அக்கா.

"மரியாதையா இருக்கணும்ல? அதோட, தூங்காதவரைப் போய் முழிச்சிருன்னு சொல்லலாமா?"

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்காரர் நான் வேலை பாக்கிற ஆஸ்பத்திரியிலதான் கடைசியாக் கிடந்தாரு. வலி வந்தா தண்ணி கேக்க மாட்டாரு, மருந்து கேக்க மாட்டாரு. 'கொஞ்சம் முழிச்சிரு'ம்பாரு, அவ்வளவுதான். நானும் முழிச்சிருந்தேன். இப்ப அங்க மேல வார்டுல படுத்திருக்கிற அத்தனை பேர் பக்கத்துலயும் நான் போய் உக்கார முடியுமா? அதான் சாமிகிட்டக் கேக்கறேன். அவருக்கு நான் பேசறது புரியும்."

அதிகாரி மூக்கைச் சொறிந்தார். "அடுத்த மாசம் பாக்கலாமே. நிதானமா யோசிச்சு..."

"யோசிச்சுத்தாங்க எழுதினேன்."

அவர் பேனாவை மேசை மேல் வைத்தார். அக்கா அதை எடுத்துக்கொண்டார். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப்பார்க்க, மேசையோடு மேசையாகக் குனிந்து, அடித்த சொல்லுக்குக் கீழே 'முழிச்சிரு' என்று முன்பைவிடப் பெரிதாக, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினார்.