கப்பல் ஊதிய கெட்டிமேளம்

இன்று மண்டபத்தில் கல்யாணப் படம் எடுக்கும்போது மல்லிகை மணத்தோடு ஜெனரேட்டரின் டீசல் வாடையும் கலந்து வர, அந்தமானில் மாயாபந்தர் ஜெட்டியில் என் சிறுவயதில் நின்ற, இப்போது இல்லாத தகரக் கொட்டகைக்கே போய்விட்டேன். சித்தப்பாவுக்கு மெயின்லேண்டுப் பெண்ணைக் கொண்டுவந்த கப்பல் பிந்தி, முகூர்த்தம் முடியக் கால்மணி நேரமே இருக்க, கல்யாணம் நடக்க வேண்டிய மேட்டுக் கோயிலுக்கு ஏற வழியில்லை.

"அரே, இங்கேயே கட்டிடலாம், சலோ!" என்று எங்களோடு வந்திருந்த பூசாரி மீன்கூடைகளைத் தள்ளி மணை போட்டார்.

"மேளக்காரன் கோயில்ல இருக்கான் சாமி, மேளமில்லாம தாலியா?" என்று அத்தை கண்கலங்கினாள்.

சித்தப்பா தாலியை எடுத்ததும் பூசாரி கப்பலைப் பார்த்து, "கேப்டன் சாப், பஜாவோ, ஊதுங்க! கெட்டிமேளம்!" என்று கத்தினார். கப்பல் சங்கு ஊதிய ஊதலில் தகரம் அதிர்ந்தது, ஜெட்டியில் நின்ற பெங்காலிப் பெண்கள் குலவையிட்டார்கள்.

அத்தை என்னை இறுக்கிக்கொண்டு, "எந்த ராஜா கல்யாணத்துலடா இம்மாம் பெரிய நாயனம்!" என்றாள்.