விலகு என்றால் குதிப்பேன்

எங்கள் கம்பெனி டீம் ஷீல்டு வாங்கியது ஒரே ஒரு வருஷம்தான். உலகச் சண்டை முடிந்து, கப்பல்கள் மறுபடி வர ஆரம்பித்திருந்த சமயம். அந்த வருஷம் கோலில் நின்ற கோலி நான். இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லுவேன். நீட்டிச் சொல்லத் தெரியாது.

அப்போது தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் காணாது. ஐந்தாறு மைல் தள்ளிக் கடலில் நிற்கும். நாங்கள் தோணியில் போய்ச் சரக்கு இறக்குவோம். கப்பலில் இருந்து விஞ்சு, பத்துப் பன்னிரண்டு மூட்டையை ஒரே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இறக்கும். சிலிங் என்போம். ஆடிக்கொண்டே வரும். தோணிக்குள் அடித்தட்டில் நின்று அதைப் பிடித்து நிறுத்தி, அவிழ்த்து அடுக்குவது என் வேலை. எதிரே என் ஜோடிக்காரன் நிற்பான். எனக்கு ஊர் முத்தையாபுரம். அவன் கடற்கரைக்காரன், மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. ஏழு வருஷம் ஒரே தோணி. அவன் வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

தோணிக்குப் பெரியாள் தண்டல். அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். "விலகு" என்று சத்தம் வந்தால் குதிக்க வேண்டும். யார் கத்தினாலும் சரி. அண்ணாந்து பார்க்கக் கூடாது. என்ன ஏது என்று யோசிக்கக் கூடாது. எல்லோரும் அவரவர் இடப்பக்கம்தான் குதிக்க வேண்டும், எதிரெதிரே நிற்பதால் ஒருவன் இடமும் ஒருவன் வலமும் குதித்தால் முட்டிக்கொள்வோம். எனக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவர் அண்ணாந்து பார்த்தவர். அவரை நான் பார்த்ததில்லை. அவர் வேலைதான் எனக்குக் கிடைத்தது.

பந்து வந்தது ரைட்டரால். கம்பெனி ஆபீஸில் ரைட்டராக இருந்தவருக்குப் புட்பால் என்றால் உயிர். பஞ்சாலைக்காரர்கள் ஆடுவதற்கென்றே ஆள் எடுத்து, வேலையும் கொடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து ரைட்டர், கம்பெனித் துரையிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். பதினொரு பேருக்கு மத்தியானம்வரை தோணி. பிறகு பந்து. கூலி முழு நாளுக்கு உண்டு. ஆனால் தோணியில் பேர் உள்ளவனுக்குத்தான் பந்தில் இடம். பந்துக்காகக் கூலி வாங்கினவர்கள் என்று எங்களை அப்போது ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

என்னைக் கோலில் நிறுத்தினது என் ஜோடிக்காரன். "சீனி மூட்டையவே தவறவிடாதவன், இந்தத் தோல் உருண்டையவா விடப்போறான்? நிறுத்துங்க அண்ணாச்சி" என்றான். அவன் புல்பேக், எனக்கு நேர் முன்னால். கம்பெனி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது. போட்டால் ஓட முடியவில்லை. வெறுங்காலோடுதான் ஆடினோம். பூட்ஸ் வீட்டில் இருந்தது. இடது ஓரம் ஆடுகிற எங்கள் லெப்ட் அவுட் அதைப் போட்டுக்கொண்டு கல்யாணம் பண்ணினான்.

தீபாவளி கழிந்து ஆட்டங்கள் தொடங்கின. மைதானம் உப்பளத்தை ஒட்டின கட்டாந்தரை. விழுந்தால் முழங்கை எரியும். ரயிலடி டீமை ஜெயித்தோம். உப்புக் கம்பெனியை ஜெயித்தோம். சாயங்காலம் கடல் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று எங்களுக்குத் தெரியும், காற்றுக்குத் தகுந்தபடி அடித்தோம். எங்களுக்கு வேறு பெரிய வித்தை தெரியாது.

செமிபைனலில் காயல்பட்டினத்து ஆட்கள். அருமையாக ஆடுவார்கள். நாங்கள் இரண்டு கோல் போட்டுவிட்டோம். ஆட்டம் முடியப் போகிற நேரம், பந்து எனக்கும் என் ஜோடிக்காரனுக்கும் நடுவில் வந்தது. லேசான பந்து. அவன் அதை அடிக்க ஓடி வந்தான். வந்த வேகத்தில் கத்தினான்.

"விலகு!"

நான் குதித்தேன். இடப்பக்கம். அவனும் குதித்தான். கத்தினவனே குதித்தான். பந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே மெதுவாக உருண்டு கோலுக்குள் போய் நின்றது.

காயல்பட்டினத்து ஆள் ஒருவர் பந்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "என்ன காக்கா, வழி விட்டுட்டீங்க?" என்றார். அவர்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். நல்ல மனுஷர். ஆட்டம் முடிந்ததும் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நாங்கள் ஜெயித்துவிட்டோம், ஒரு கோல் மிச்சத்தில்.

ஆனால் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் பஜாரில் போய்க்கொண்டிருக்கிறேன். பின்னால் யாரோ "விலகு" என்றார்கள். குதித்துவிட்டேன். வாழைக்காய் விற்றுக்கொண்டிருந்த ஏரல் ஊர்க்காரி கூடை மேல் போய் விழுந்தேன்.

"கண்ணு பொடதியிலயா இருக்கு, மூதி?"

எழுந்து பார்த்தால் நாலைந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பஞ்சாலை டீமுக்குக் கோஷம் போடுகிறவர்கள். பைனல் அவர்களோடுதான். கோலுக்குப் பின்னால் நூறு பேர் நின்று கத்தப் போகிறார்கள் என்று அங்கேயே தெரிந்துபோனது.

ரைட்டர் என்னைப் பழக்க ஆரம்பித்தார். கோலில் நிறுத்தி, சுற்றிப் பத்துப் பேரை விட்டு "விலகு, விலகு" என்று கத்தச் சொன்னார். அசையாமல் நிற்க வேண்டும். முதல் நாள் ஒவ்வொரு சத்தத்துக்கும் குதித்தேன். இரண்டாம் நாள் உடம்பு துள்ளும், கால் நிற்கும். மூன்றாம் நாள் நின்றுவிட்டேன். ரைட்டர் குடையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

நாலாம் நாள் காலை. தோணியில் கோதுமை மூட்டை இறங்குகிறது. மேலே கொக்கி ஏதோ பிசகி, தண்டல் கத்தினார். "விலகு!"

நின்றேன். ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. பிறகுதான் குதித்தேன். மூட்டை குதிகாலை உரசிக்கொண்டு விழுந்தது. தோல் உரிந்து ரத்தம் வந்தது. அவ்வளவுதான். ஆனால் என் ஜோடிக்காரன் முகம் வெளுத்துவிட்டது. ஏழு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவன் பேசாமல் நின்றான்.

தண்டல் கீழே இறங்கி வந்தார். காலைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"அங்கன நிக்கப் பழகிட்டு இங்கன குதிப்பேன்னு நெனைக்காத. உடம்பு ஒண்ணுதான். ரெண்டுல ஒண்ண விட்டுரு. தோணியா, பந்தா?"

தோணியை விட்டால் பந்தும் கிடையாது. பந்தை விட்டால் கோலுக்கு ஆள் இல்லை. பைனலுக்குப் பத்து நாள் இருந்தது. நான் ரைட்டரிடம் போய் "நிக்கலை அண்ணாச்சி, வேற ஆளப் பாருங்க" என்றேன். அவர் குடையை விரித்தார், மடக்கினார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

வழி கண்டுபிடித்தது என் ஜோடிக்காரன். அவன் அத்தான் சங்கு குளிக்கிறவர். முத்துக் குளித்த காலத்திலும் இறங்கினவர். அவருக்கு ஒரு காதில் புண். ஆழத்தில் தண்ணீர் ஏறி வலிக்கும் என்று பஞ்சை மெழுகில் பிசைந்து காதில் அடைத்துக்கொண்டு குதிப்பார். மற்ற குளியாட்கள் கேலி செய்வார்களாம்.

சாயங்காலம் என்னை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அத்தான் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இவனுக்குக் காது கேக்கக் கூடாதாம் அத்தான்."

"கலியாணம் ஆயிட்டா?"

"ஆயிட்டு."

"பொறவு என்ன? தானா கேக்காமப் போயிரும்."

உள்ளே அவர் சம்சாரம் ஏதோ சொல்லியது. அத்தான் எழுந்து வந்து என் காதை இழுத்துப் பார்த்தார். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுவர்த்தித் துண்டைத் தீயில் காட்டி இளக்கி, உள்ளங்கையில் வைத்துப் பஞ்சோடு பிசைந்தார். சூடு ஆறினதும் அடைத்துவிட்டார். என் ஜோடிக்காரன் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவன் பேசி எனக்குக் கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. சுகமாக இருந்தது. அவன் பின்னால் போய்க் கத்தியிருக்கிறான் போல. நான் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காது அடைத்தால் அவன் சொல்வது எப்படித் தெரியும்? அதற்குக் கப்பல் வழக்கம் உதவியது. மேலே கப்பல் தட்டில் விஞ்சு இரைச்சலில் வாய் எடுபடாது. கைச்சாடைதான். அதையே வைத்துக்கொண்டோம். அவன் முதுகுப்பக்கம் கையைக் கட்டி முஷ்டி பிடித்தால் நான் நிற்க வேண்டும். விரலை விரித்தால் வெளியே வர வேண்டும்.

பழகினதை மறக்கிற வேலை வேறு இருந்தது. பத்து நாளும் என்னைப் பார்த்த இடமெல்லாம் அவன் "விலகு" என்றான். டீக்கடையில், படகுத் துறையில், என் வீட்டு வாசலில். நான் குதித்தேன். என் சம்சாரம் அவனைத் துடைப்பத்தோடு விரட்டியது. தண்டல் தோணியில் இரண்டு தடவை பொய்யாகக் கத்திப் பார்த்தார். குதித்தேன். சரி என்று தலையாட்டினார். ஆனால் அவர் கண் என் மேலேயே இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் நிச்சயம் இல்லை. பொய்க்குக் குதித்த கால் நிஜத்துக்குக் குதிக்குமா என்று.

பைனல் ஒரு சனிக்கிழமை. பங்குனி வெயில். மைதானத்தைச் சுற்றிச் சனம். மெழுகை அடைத்ததும் எல்லாம் போய்விட்டது. என் மூச்சு மட்டும் கேட்டது. ரைட்டருக்கு நாங்கள் மெழுகு விஷயம் சொல்லவில்லை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

முதல் பாதியில் எங்கள் லெப்ட் அவுட் ஒரு கோல் போட்டான். பிறகு முழுக்க என் பக்கம்தான் பந்து. திரும்பிப் பார்க்கும்போது கோலுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் வாய் எல்லாம் ஒன்றுபோல் திறந்து மூடியது. கரையில் கிடக்கும் மீன் மாதிரி. பஞ்சாலைக்காரர்கள் எல்லாப் பந்தையும் என் வலப்பக்கம் அடித்தார்கள். நான் இடப்பக்கம் குதிப்பேன் என்று கணக்கு. எனக்கு வேலை சுளுவாகப் போயிற்று.

கடைசியில் ஒரு பந்து. அவர்கள் பார்வர்டு நேரே வந்துவிட்டான், நடுவில் என் ஜோடிக்காரன் மட்டும். அவன் முதுகில் கை. முஷ்டி. நின்றேன். அவனைத் தாண்டிப் பந்து வந்தது, வயிற்றில் இடித்தது. இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன், சீனி மூட்டையைப் போல.

பிறகு எல்லோரும் என்னை நோக்கி ஓடி வந்தார்கள். ரெப்ரி பந்தைக் கேட்டுக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. என் ஜோடிக்காரன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பந்தோடு கோட்டைத் தாண்டிவிட்டேன், கோல் ஆகிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் போய் நின்றேன். அவன் எழுந்து சுண்டுவிரலை விட்டு என் காதில் இருந்த மெழுகைத் தோண்டி எடுத்தான். ஒரு காது வழியாகச் சத்தம் உள்ளே வந்தது. அத்தனை சனத்தின் சத்தமும்.

"விசில் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு! ஜெயிச்சாச்சுல, பந்த விடு!"

அப்புறம் காதோடு காதாகச் சொன்னான். "கடைசிப் பந்துக்கு நானும் கத்திட்டேம்ல. விலகுன்னு. வாய் தானா கத்திட்டு. நீ மட்டும் கேட்டிருந்தா..."

அதற்குத்தான் அழுதிருக்கிறான்.

மறுவருஷம் துரை மாறினார். அரைநாள் ஏற்பாடு நின்றது. டீமும் போயிற்று. என் ஜோடிக்காரன் கொழும்புக்குப் போய்விட்டான். வரும்போதெல்லாம் என் வீட்டு வாசலில் வந்து ஒரு சத்தம் கொடுப்பான், நான் உட்கார்ந்தபடியே ஒரு துள்ளு துள்ளுவேன். ஒரு வருஷம் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. ஷீல்டு கொஞ்ச நாள் ஆபீஸ் அலமாரியில் இருந்தது.

ஆனால் நான் அந்த வருஷத்தை நினைக்கும்போது பைனல் முதலில் வருவதில்லை. அடுத்த திங்கட்கிழமைதான் வரும். ஷீல்டை ரைட்டரிடம் கெஞ்சி வாங்கி, தோணியின் பாய்மரத்தில் கட்டிக் கப்பலுக்குக் கொண்டுபோனோம். கப்பல்காரர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சங்கு ஊதினார்கள். தண்டல் சிரித்த முகத்தோடு பீடி பற்றவைத்தார். முதல் சிலிங் இறங்கியது, இரண்டாவது இறங்கியது. மூன்றாவது பாதி வழியில் ஆடியது. நான் ஷீல்டில் வெயில் பட்டு மின்னுவதைத் திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விலகு!"

குதித்திருந்தேன். எப்போது குதித்தேன் என்று தெரியாது. இடப்பக்கம்தான், ஆனால் திரும்பி நின்றதால் என் ஜோடிக்காரன் மேல் கிடந்தேன். நான் நின்ற இடத்தில் இரண்டு மூட்டை வாய் பிளந்து கிடந்தது. கோதுமை எங்கள் கால்வரை சரிந்து வந்தது.

தண்டல் மேலே இருந்து எட்டிப் பார்த்தார். பீடியை மறுபடி வாயில் வைத்தார்.

எனக்கு அடியில் கிடந்தவன் மூச்சு வாங்கினான். "என்னல கோலி, இன்னைக்கு ரெண்டு கோல் விட்டுட்டியே" என்றான்.

"ஆமா" என்றேன்.

கோதுமையை அள்ள ஆரம்பித்தோம்.