ரயில் பார்க்கக் கட்டிய சேலை

ஓடாத ரயிலைப் பார்க்க யாராவது புதுச்சேலை கட்டிக்கொண்டு போவார்களா? அந்த ஊதாச் சேலையை மஸ்கெலியாவிலிருந்து கொண்டுவந்தவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்துப்போன விரல்களால் அவரே கொசுவமும் மடித்துவிட்டார். எனக்கு அப்போதே எங்கோ இடித்தது. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் விறகுக்கு விரட்டும் அப்பா, குடும்பத்தோடு கடுகண்ணாவை போய் ரயில் அருங்காட்சியகம் பார்த்து வருவோம் என்றதே அதிசயம். "சும்மா, ஒரு மாத்தத்துக்குத்தாம்மா" என்றார். அப்பா எதையும் சும்மா செய்கிற ஆள் இல்லை.

ஹட்டனில் ரயில் ஏறியதிலிருந்து அம்மா என் முகத்தையே பார்க்கவில்லை. வாய் ஓயாத அத்தை ஜன்னலோரம் ஊமையாக உட்கார்ந்திருந்தார். சேலையும் அவருடையது, மௌனமும் அவருடையது. ஏற்பாடும் அவருடையதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். அருங்காட்சியகத்தில் பழைய நீராவி இயந்திரங்களுக்குப் புதுச்சாயம் பூசி நிறுத்தியிருந்தார்கள். பேப்பர்கூடப் படிக்காத அப்பா ஒவ்வொரு பலகையின் முன்னாலும் நின்று வாசித்தார். கண் மட்டும் வாசலில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாளும் மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு பையனும் உள்ளே வந்தார்கள். "அட, நீங்களா" என்றார் அப்பா. நடிக்கத் தெரியாத மனிதர்.

வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் லயத்து வரிசை வீடெல்லாம் பேசும். அதனால் எதேச்சையாகச் சந்தித்ததுபோல் வெளியில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் கோயிலில் நடக்கும். பையனுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் எனக்கு அருங்காட்சியகம் வாய்த்தது. கல்யாணம் என்றால் பரீட்சை இல்லை. என் அக்காவுக்கும் அப்படித்தான் ஆனது.

அத்தையும் பையனின் அம்மாவும் பழைய பெட்டி ஒன்றுக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். நான் வெளியே, அந்த ஜன்னலுக்குக் கீழேயே போய் நின்றேன்.

"பொய் சொல்லக் கூடாதுங்க" என்றார் அத்தை. "என் தம்பி மகதான். ஆனா சோறாக்கத் தெரியாது. கோவம் வந்தா தட்டைத் தூக்கி வீசும். அடிக்கடி மயங்கி விழுந்துரும்."

மூன்றும் பொய். அவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் போனார்கள். கல்யாணம் நின்றதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் உடம்பெல்லாம் கூசியது. அத்தைக்கும் என் வயதில் ஒரு மகள் இருந்தாள். நான் கேட்டதைச் சொன்னபோது, அந்த மாப்பிள்ளையை அவளுக்கு முடிக்கத்தான் இந்த வேலை என்றார் அம்மா. நானும் அதையேதான் நினைத்திருந்தேன். விஷயம் தெரிந்ததும், இனி வாசலை மிதிக்காதே என்று அப்பா அத்தையிடம் சொல்லிவிட்டார். பேச்சு தோட்டம் தோட்டமாகப் பரவியது. பிறகு சில வருஷம் என்னைக் கேட்டு யாரும் வரவில்லை. பரீட்சை எழுதினேன், கல்வியியற் கல்லூரிக்குப் போனேன், எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியையாக வந்தேன், அதன் பிறகுதான் கல்யாணம் ஆனது. அத்தையின் மகளை ராகலையில் ஒரு மரக்கறிக் கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் என் சந்தேகம் போகவில்லை. போட்ட கணக்கு பலிக்கவில்லை போலும் என்றுதான் நினைத்தேன். திருவிழாவில் அவரைக் கண்டால் வேறு பக்கம் நகர்ந்துவிடுவேன்.

அப்பாவின் சாவுக்கு வந்த அத்தை, காரியம் முடியும்வரை எங்களோடு தங்கினார். அதிலிருந்து மறுபடி வரப்போக இருந்தார். போன மாதம் என் மகன் ரயில் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்தபோது, அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். கணவரும் மகனும் இயந்திரங்களைப் பார்க்கப் போக, நானும் அத்தையும் அதே பழைய பெட்டிக்குள் உட்கார்ந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னைக்கு எதுக்கு அத்தை அப்படிப் பொய் சொன்னீங்க?"

"சேலை வாங்கியாரச் சொன்னப்பவே உங்கப்பங்கிட்ட வேணாம்னேன், புள்ள படிக்குதுன்னேன். கேக்கல. அவங்ககிட்டயும் அதையே சொன்னா, கட்டிக்கிட்டுப் படிக்கட்டும்னுவாங்க. பொண்ணு சரியில்லன்னாத்தானே எந்திரிச்சுப் போவாங்க?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊரு என்ன வேணும்னாலும் பேசட்டும்னு இருந்துட்டேன். உனக்காவது புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன், பாப்பா."