குளிர் அறைக்கு ஒரு ஸ்கேனர்

அந்தக் கிடங்கில் எல்லோரும் அவளை ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மீனும் பட்டாணியும் இறைச்சியும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் குளிர் அறைக்கு அவள்தான் பொறுப்பு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும், தடித்த கோட்டு, கம்பளிக் குல்லா, கையுறை என்று ஆள் அடையாளமே தெரியாமல் வேலைக்குப் போவாள். அடைத்த இடம் என்றாலே அவளுக்குச் சின்ன வயசிலிருந்து ஆகாது. லிஃப்டில்கூட ஏற மாட்டாள். வீட்டுக்காரருடைய தையல் மிஷினை மட்டும் நம்பிக் குடும்பம் ஓடாது என்று ஆனபோது தேடிக் கிடைத்த வேலை இதுதான். ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவு முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொள்ளும்போது ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே போய்விடுவாள்.

பெட்டிகளின் பார்கோடைப் படிக்கும் பழைய ஸ்கேனர் ஒருநாள் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. மேனேஜர் இரண்டு புதுசுகளைக் கொண்டுவந்து, எது சரிப்படும் என்று நீயே பார்த்துச் சொல் என்று விட்டுவிட்டார். முதலாவது கைக்கு அடக்கமான குட்டி. படித்த பார்கோடுகளையெல்லாம் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஆபீசுக்குப் போய் ஸ்டாண்டில் மாட்டினால் கம்ப்யூட்டரில் கொட்டிவிடும். இரண்டாவது துப்பாக்கி மாதிரி கனமானது. ஒவ்வொரு பெட்டியைப் படித்ததும் வைஃபை வழியாக அந்த நிமிஷமே பில் போடும் அண்ணனுடைய திரைக்கு அனுப்பிவிடும். போய்ச் சேர்ந்தால் பச்சை விளக்கு, சேராவிட்டால் சிவப்பு.

இரண்டையும் சில நாள் மாற்றி மாற்றிப் பார்த்தாள். லேபிள்மேல் பனி படிந்திருந்தால் இரண்டுமே முழித்தன. துடைத்துத்தான் காட்ட வேண்டியிருந்தது. பெரியதற்குக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கியது. ஆனால் அதன் விசை பெரிசு, கையுறையோடு அழுத்தலாம். குட்டியை அழுத்தக் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்ததில் விரலெல்லாம் கட்டையாகிப் போயின. அதோடு பெரியதாக இருந்தால் ஆபீசுக்கு நடக்கிற நடையும் மிச்சம். அவள் பெரியதைக் கேட்டதற்கு இதற்குமேல் காரணம் எதுவும் கிடையாது.

பில் அண்ணனுக்குக் குட்டிமேல்தான் கண். "நீ ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் என் திரையில வந்து குதிக்கும். நான் வேற வேலை பாக்க வேண்டாமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மேனேஜர் அவள் பக்கம் சாய்ந்தார். வைஃபை பெட்டியை, வயர் இழுக்கத் தோதான இடமென்று, குளிர் அறைக்குள் பனிக்காற்றை ஊதும் பெரிய விசிறிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். பேட்டரி சூடாக இருக்கட்டும் என்று அவள் வீட்டுக்காரர் கோட்டுக்கு உள்பக்கம் ஸ்கேனரை வைக்க ஒரு பை தைத்துக் கொடுத்தார்.

அன்றைக்குச் சாப்பாட்டு வேளை. கடைசி அடுக்கை முடித்துவிட்டுக் கதவுக்கு வந்தவள் உள்பக்கக் குமிழைத் திருகித் தள்ளினாள். அது எதிலும் மாட்டாமல் சும்மா சுற்றியது. மறுபடி தள்ளினாள், தோளைக் கொடுத்து மோதினாள். கதவு அசையவில்லை. அபாய மணியை அழுத்தினாள். அது செத்துப் போய் எத்தனையோ காலம். சொன்னபோதெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே மேனேஜர் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். கைபேசி வெளியே அலமாரியில். சுவர் மாதிரித் தடித்த கதவு, கத்திய கத்தலை அப்படியே விழுங்கிக்கொண்டது.

மூச்சு மேலும் கீழும் வாங்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டுவிட்டு யாராவது வருவார்கள் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டு யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். கால் மரத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் நெஞ்சுக்குப் பக்கத்தில் ஸ்கேனர் உறுத்தியது.

வெளியே எடுத்து, கைக்கெட்டிய பட்டாணிப் பெட்டியைப் படித்தாள். சிவப்பு. இரும்பு அடுக்குகள் மறைத்தன. நகர்ந்து நகர்ந்து பார்த்ததில், விசிறிக்கு நேர் கீழே போனபோதுதான் பச்சை எரிந்தது. அறையிலேயே உயிரை உறிஞ்சும் இடம் அதுதான். பட்டாணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்று, அதே லேபிளை மறுபடி மறுபடி அழுத்தினாள். கண்ணில் நீர் வழிந்து இமையில் உறைந்தது. பேட்டரி இறங்குகிற மாதிரி தெரிந்தால் ஸ்கேனரைக் கோட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொள்வாள். கொஞ்சம் சூடேறியதும் மறுபடி அழுத்துவாள். அந்தப் பக்கம் நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. ஒரு கட்டத்தில் எதற்காக அழுத்துகிறோம் என்பதே மறந்து, விரல் மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது.

பில் அண்ணன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் திரை முழுக்கப் பட்டாணி. கிடங்கையே நிரப்பும் அளவுக்குப் பட்டாணி, இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அப்பவே சொன்னேனே, கேட்டாளா என்று பொரிந்துகொண்டே, அவளை நாலு வார்த்தை கேட்கத்தான் எழுந்து வந்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தபடியே கதவை இழுத்தவர், அவளைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தாங்கி வெளியே கூட்டி வந்தார்.

வெளியே வெயிலில் உட்காரவைத்துக் கோட்டைக் கழற்றினார்கள். யாரோ வெந்நீர் கொடுத்தார்கள். பில் அண்ணன் எதிரே தரையில் உட்கார்ந்து அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே, "நான் திட்டத்தான் வந்தேன்மா" என்றார், அதையே திரும்பத் திரும்ப. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அன்று சாயங்காலமே மணி வேலை செய்தது, குமிழ் மாறியது. வெளிவேலை ஏதாவது கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டாள். இடம் காலியானால் பார்க்கலாம் என்றார். அது அவளுக்குப் பழகிய 'பார்க்கலாம்'. வேறு போக்கிடம் இல்லை. அடுத்த வாரமே மறுபடி உள்ளே போனாள். கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் போனாள். கரண்ட் வீணாகிறது என்று மேனேஜர் முணுமுணுத்தார். எடுக்கச் சொல்லும் தைரியம் அவருக்கு வரவில்லை.

வீட்டில் படுக்கையறைக் கதவைச் சாத்துவதை விட்டுவிட்டாள். குளியலறையை மட்டும் என்ன செய்ய முடியும்? தாழ் போடாமல் சும்மா சாத்துவாள். வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல் ஒரு ஸ்டூலைப் போட்டு வெளியே உட்கார்ந்துகொள்வார்.

"இருக்கீங்களா?" என்று தண்ணீருக்கு நடுவே குரல் வரும்.

"இங்கதாம்மா இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பாள்.