அதுவாக நின்ற கம்ப்யூட்டர்

பெண் கொடுத்த வழி, எடுத்த வழி என்று சொந்தம் எவ்வளவு விரிந்து கிடந்தாலும், அதில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கத் தெரிந்தவன் சின்னவன் ஒருத்தன்தான். கடையில் நாள் முழுக்கக் குனிந்து இடுப்பொடிந்து நிமிர்ந்தால், ஏதாவது ஒரு சித்தி வீட்டிலிருந்து போன் வந்துவிடும். போகிற வீட்டிலெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பான்: நிற்பதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்? பதிலும் ஒன்றுதான்: நாங்க ஒண்ணுமே பண்ணல, அதுவா நின்னுபோச்சு. தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஏதோ ஒன்று செய்த மனிதரை அவன் இன்னும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கூப்பிட்டது கூடப்பிறந்த அக்கா. துணியில் மெஷின் எம்பிராய்டரி போடுகிறவள். பூவும் கொடியுமாக அவள் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், மெஷின் அப்படியே தைக்கும். ஒரு கல்யாணப்பெண்ணின் உடுப்பு பாதிப் பூவோடு கிடந்தது; காலையில் வாங்க வந்துவிடுவார்கள். மீதிப் பூ கம்ப்யூட்டருக்குள். அதுவோ கறுத்த திரையில் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு, அணைந்து, எழுந்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தது.

சின்னவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். அக்கா நூல் வாங்கப் போயிருந்தாளாம், வந்து பார்த்தால் இப்படியாம். அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அதுவா நின்னுபோச்சு மாப்ள" என்றார்.

தெரிந்த வழியெல்லாம் தட்டிப் பார்த்தான். கண் எரிந்ததுதான் மிச்சம். டிஸ்க் அடிவாங்கியிருக்கும், புதிது போட்டால் ஓடும், உள்ளே இருப்பதற்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றான்.

அக்கா விரலில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தாள். "போட்டுடு தம்பி. பூ போனா போகட்டும். அவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்."

என்ன சொல்வாள் என்று அவளுக்கே தெரியாது.

முதல் திருகு கழன்றபோது அத்தான் தொண்டையைச் செருமினார். "நில்லு மாப்ள. நான்தான் மெயினை அணைச்சேன்."

அத்தான் வேலை பார்த்த ஆலை, கரண்டு கசிந்து எரிந்துபோன ஆலை. அதை வாசலில் நின்று பார்த்ததிலிருந்து, தெருமுனைக்குப் போவதானாலும் வீட்டு மெயினை அணைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார்.

"திரையில ஏதாவது ஓடிட்டிருந்துச்சா அத்தான்?"

"ஏதோ அப்டேட்டாம். அணைக்காதேன்னும் போட்டிருந்துச்சு. வெளிய போறவன் அதையெல்லாமா மதிச்சிட்டு நிப்பான்?"

சின்னவன் திருகைத் திரும்ப முடுக்கினான். செத்த டிஸ்க் வேறு, பாதியில் வெட்டுப்பட்ட அப்டேட் வேறு. பென் டிரைவ் ஒன்றைச் செருகி அதன் வழியாக எழுப்பினான். முதலில் பூக்களை இன்னொன்றில் நகலெடுத்து அக்காவிடம் நீட்டினான். அப்புறம் அரைகுறை அப்டேட்டைப் பிடுங்கி எறிந்தான். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே எழுந்தது.

"இத்தனை வருஷத்துல உண்மையைச் சொன்ன மொத ஆளு நீங்கதான் அத்தான்" என்றான். சிரிக்கத் தெம்பில்லை.

"வந்ததுமே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றாள் அக்கா. நீ போய்த் தைக்கிற வழியைப் பார் என்றார் அவர். அவள் பென் டிரைவைத் தையல் மெஷினில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்டேட்டை மறுபடி முழுசாக ஓடவிட வேண்டியிருந்தது. அத்தான் ஒரு ஸ்டூலைத் தூக்கிப்போய் மெயினுக்குக் கீழே போட்டுக்கொண்டார். காவலாம். சின்னவன் பையை எடுத்துச் செருப்பில் காலை நுழைத்தான். கிளம்புகிற ஆளைக் கண்டதும் அத்தானின் வலது கை தானாக மேலே போயிற்று.

"கை" என்றாள் அக்கா, துணியிலிருந்து தலை தூக்காமல்.

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். சின்னவன் செருப்பைக் கழற்றிவிட்டு, அது ஓடி முடியட்டும் என்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.