பேர் கொடுத்துவிட்டு வந்த மனிதர்

பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் என் வீட்டுக்காரரின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி ஒரு சொட்டுக் குடித்தாலும் ஈரல் தாங்காது, பிறகு இங்கே கொண்டுவந்தும் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டார். குடியை விட்டவர்கள் ஞாயிறுதோறும் டவுனில் கூடிப் பேசுகிறார்கள், தமிழிலும் ஒரு கூட்டம் நடக்கிறது என்று சொன்னவள் வார்டிலிருந்த நர்ஸ் மிஸ்ஸி. எங்கே என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை.

தேடினேன் பாருங்கள், அப்படி ஒரு தேடல்! பஸ் ஸ்டாண்டில் சாராயக் கடை எங்கே என்று கேட்டால் பச்சைப் பிள்ளையும் கை காட்டும். குடியை நிறுத்துகிற இடம் எங்கே என்று கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார். இன்னொருவர் காட்டிய மண்டபத்தில் எல்லாம் சிங்களத்தில் நடந்தது. பேரம் பேசி மரக்கறி வாங்குகிற அளவுக்கு எனக்குச் சிங்களம் வரும். இவருடைய குடியைச் சொல்லி அழ அது போதாது. கடைசியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாதான், "தங்கச்சி, அது எங்கட கடைக்கு மேல்மாடியிலதான் நடக்குது" என்றார். அந்தக் கடை வாசலை நான் நாலு தடவை கடந்து போயிருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை பேர் போடுவார். பேர் விழுந்தால்தான் அந்த நாள் நம்முடையது. விழாவிட்டால் மலை முழுக்கப் பறித்தாலும் வேலைக்கு வராதவள்தான். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள் சும்மா இருப்பேனா? முதல் ஞாயிறே கூட்டத்தை நடத்துகிறவரிடம், "ஐயா, இவரு வந்ததுக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்க" என்று கேட்டேன். அவர் ஒரு தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குடித்துக் குடித்துச் சீரழிந்து மீண்டவர்.

"இங்க யாரு பேரும் எழுதமாட்டோம் தங்கச்சி. வர்றவங்க மனசுல உள்ளதச் சொல்லுவாங்க, அம்புட்டுத்தான்."

"பேர் போடாத எடத்துக்கு எந்த ஆம்பள வருவான்?"

"வந்திருக்காங்களே" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சிரிப்பு வேறு!

வாராவாரம் இவரைப் படிக்கட்டில் ஏற்றிவிட்டு நான் சந்தைக்குப் போவேன். ஐந்தாவது ஞாயிறு மழை பிடித்துக்கொண்டதால் சீக்கிரமே திரும்பினேன். துணிக்கடைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் என் வீட்டுக்காரர் சாவகாசமாக வடை தின்றுகொண்டிருக்கிறார்.

"கூட்டம் முடிஞ்சிருச்சாங்க?"

"நடக்குது."

"அப்ப நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"மேல போயி பேரு குடுத்துட்டுத்தான் புள்ள வந்தேன். வாராவாரம் குடுத்துர்றேன். வேணும்னா கேட்டுப் பாரு."

என்னை ஏமாற்றினார் என்றால்கூட ஆறியிருக்கும். அந்த மனிதர் ஐந்து ஞாயிறும் தனக்குப் பேர் விழுந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தார்!

"யாருங்க அங்க எழுதிக்கிட்டா?"

"எழுதாட்டி என்னா? அவங்க மனசுல இருக்கும்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். வடையைக் கீழே போடச் சொல்லி, கையைப் பிடித்து மேலே இழுத்துப் போய் உட்கார வைத்து, பக்கத்து நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கூட்டத்தை நடத்துகிற பெரியவர் இவரைப் பார்த்து, "ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டார். இவர் வாயைத் திறக்குமுன் நான் திறந்துவிட்டேன். ஆஸ்பத்திரியோ தோட்டத்து ஆபிஸோ, இவருக்காகப் பேசுவது எப்போதும் நான்தானே.

"பதினஞ்சு வருசமா குடிங்க ஐயா. இப்ப நாப்பது நாளாத் தொடல. நான்தான் பாத்துக்கிறேன்."

"தங்கச்சி, அவரே சொல்லட்டும்."

சொல்லட்டும் என்றால் சொல்ல வேண்டுமே! கால் விரலைப் பார்த்துக்கொண்டு கல் மாதிரி இருக்கிறார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவ்வளவு பேரும் அவசரமே இல்லாமல் காத்திருந்தார்கள்.

"வியாழக்கிழமை குடிச்சேன்" என்றார். "கள்ளமாக் காய்ச்சுற கசிப்பு. செத்துருவேன்னு பயமா இருக்குங்க. பயம் வந்தா இன்னும் குடிக்கணும்னு வருது."

பதினைந்து வருஷத்தில் பயம் என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. ஒருவரும் திட்டவில்லை. எதிரே இருந்தவர், "எனக்கும் அப்பிடித்தான்ணே இருந்துச்சு" என்றார். பெரியவர் என் பக்கம் திரும்பி, இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து போகலாம் போலிருந்தது. யார் மேல் கோபம் என்று எனக்கே பிடிபடவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"வியாழக்கிழமை இவரு குடிச்சது எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ள வரும்போதே வாடை வந்துச்சு. நாப்பது நாளுன்னு லயத்துல எல்லா வீட்டுலயும் பெருமையடிச்சுட்டேன். கேட்டா சண்ட வரும், பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். அதான் சோத்தப் போட்டுட்டுப் பேசாம இருந்துட்டேன்."

என் வீட்டுக்காரர் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"நீ கேப்பேன்னுதான் புள்ள அன்னைக்கு ரொம்ப நேரம் சாப்புடாம உக்காந்திருந்தேன்" என்றார்.