அப்பாவின் விரால், மாப்பிள்ளையின் பாறை

விசிட் விசாவில் வளைகுடாவில் இருக்கும் ருவைஸுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்த அப்பா, வந்த சூட்டோடு ஊர் திரும்பும் டிக்கெட்டை முன்னாடி மாற்றிப் போடச் சொல்லிவிட்டார். காரணம் ஒரு விரால் மீன்.

அப்பா திருவாரூர்ப் பக்கம். தாமரைக் குளத்தில் தூண்டில் போட்டு விரால் பிடிப்பதில் சூரர். என் வீட்டுக்காரர் தூத்துக்குடிக்காரர்; இங்கே ரிஃபைனரியில் டியூட்டி. லீவு நாளென்றால் மீன்பிடி லைசன்ஸும் தூண்டிலுமாகக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். கடல் மீனைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு மீனே கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த விரால் கிடைத்ததென்று ஆசையாக வாங்கி வந்தேன். அப்பா அதைக் கல்லுப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, மாப்பிள்ளைக்காகத் தன் கையாலேயே குழம்பு வைத்தார். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "சேத்து வாடைல்லா அடிக்கு" என்று தட்டை நகர்த்திவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

மறுநாள் காலையில்தான் அப்பா டிக்கெட் பேச்சை எடுத்தார். வருஷக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடி நான் வரவழைத்தவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரையும் காரில் ஏற்றிக் கடலுக்கு ஓட்டினேன். வழியெல்லாம் நான்தான் தூது. "ஏசியைக் குறைக்கச் சொல்லும்மா" என்பதைக்கூட அப்பா என்னிடம் சொல்லி, நான் பக்கத்து சீட்டில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இரைக்குக் கணவாய் மீன் துண்டை மாட்டி வீசிய இவர், தூண்டில் கழியை என்னிடம் நீட்டி, "மாமாவப் பிடிச்சிக்கிடச் சொல்லு" என்றார். அப்பா வாங்கிக் கொஞ்ச நேரத்தில் கழி வளைந்தது. பாறை மீன், பெரிசு. ரீலிலிருந்து நைலான் நரம்பு விர்ரென்று ஓடியது. அப்பா பதறிப்போய் ரீலை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினார்.

"விடுங்க மாமா! ஓட விடுங்க!"

"விட்டா கொடிக்குள்ள போய்ச் சுத்திக்கும் மாப்ள!"

"கடல்ல ஏது மாமா தாமரைக் கொடி?"

பட்டென்று நரம்பு அறுந்தது. அப்பா மணலில் மல்லாந்தார். போச்சுடா, இன்றைக்கே கிளம்புகிறேன் என்பார் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அவரோ கிடந்தபடியே சிரிக்கிறார்.

"யம்மாடி, என்னா இழுப்பு! நம்ம குளத்துல இதுக்கு ஓட எடமே பத்தாது மாப்ள."

இவர் கைகொடுத்துத் தூக்கினார். "அப்போ விரால எப்படி மாமா பிடிப்பீங்க?"

அவ்வளவுதான், அப்பா பிடித்துக்கொண்டார். தூண்டிலில் மாட்டிய தவளையை விரால் கவ்வியதும் இழுக்கக் கூடாதாம். முழுங்க விட்டுச் சுண்ட வேண்டுமாம். சுண்டிவிட்டால் ஒரு முழம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாதாம். பாறைக்கு அப்படியே தலைகீழ் என்றார் இவர். கவ்விய நொடியே ஓட்டம்; அது ஓடிக் களைக்கும்வரை நாம்தான் பொறுமையாக விட்டுப் பிடிக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும்வரை பேச்சு ஓயவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டிய என்னை ஒருவரும் கவனிக்கவில்லை.

கிளம்பும் நேரத்தில் அப்பாவுக்கு ஒரு சின்னப் பாறை மாட்டியது. விட்டு விட்டு இழுத்துக் கரை சேர்த்தார். விரால் என்றால் கொஞ்சம் தண்ணீரில் வீடுவரை உயிரோடு வருமே, அந்த நினைப்பில் வாளியில் கடல் நீர் மொண்டு அதை உள்ளே விட்டார். சற்று நேரத்தில் பாறை மல்லாந்து மிதந்தது.

"அவ்ளோ வீம்பு புடிச்சிட்டு இப்படிப் பொசுக்குன்னு போயிட்டியே" என்று அப்பா அதனிடமே வருத்தப்பட்டார். இவர் கேலி ஏதும் செய்யாமல் ஐஸ் பெட்டியைத் திறந்து நீட்டினார். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மெதுவாகக் கேட்டேன். "அப்பா, டிக்கெட் மாத்தணும்னீங்களே?"

"எந்த டிக்கெட்டு?" என்றார், தூண்டில் முள்ளைத் துடைத்துக்கொண்டே.

சனிக்கிழமை நானும் தயாராகி வாசலுக்கு வந்தேன். அப்பா, ஓட்டுகிற இவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கினார்.

"நீ எதுக்கும்மா வெயில்ல? வீட்ல இரு. நாங்க பேசிக்கிட்டே போயிட்டு வந்துடுறோம்."

கார் போய்விட்டது. அப்பாவை இருக்க வைக்க இத்தனை பாடுபட்டவள் நான். என்னை விட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.